பழைய நத்தத்தைத் தோண்டுவது

கேள்வி இதுதான்: குமரி மாவட்டம் திருவட்டார் பக்கம் ஒரு விளையில் (தோட்டத்தில்) பழைய ரப்பரை வெட்டிவிட்டு மறுநடவுக்குக் குழி எடுத்தபோது, ஏழெட்டுக் குழிகளில் பானை ஓடு, அடுப்புக் கரி, வரிசையாகப் பதிந்த வெட்டுக்கல் எல்லாம் தென்பட்டிருக்கின்றன. பக்கத்தில் கோயிலோ கோட்டையோ இல்லை. இது பழைய ஊராக இருக்குமா, நாங்களே இன்னும் கொஞ்சம் ஆழமாகத் தோண்டிப் பார்க்கலாமா, முறையான அகழாய்வு என்றால் என்னென்ன செய்வார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில், நீங்களாகத் தோண்ட வேண்டாம். 1958ஆம் ஆண்டின் மத்தியத் தொல்லியல் சட்டப்படி, பாதுகாக்கப்படாத இடமாக இருந்தாலும் மத்திய அரசின் முன் ஒப்புதல் இல்லாமல் மாநில அரசுகூடத் தொல்லியல் நோக்கில் தோண்டக் கூடாது. சொந்தப் பட்டா நிலம் என்பதால் விலக்கு கிடையாது. இந்தியத் தொல்லியல் துறையோ, அதன் அனுமதி பெற்ற மாநிலத் தொல்லியல் துறை, பல்கலைக்கழகம் போன்ற அமைப்போதான் செய்ய முடியும். மண்ணுக்குள் புதைந்து கிடந்த விலைமதிப்புள்ள பொருள் பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் சொல்கிறது. அது இன்றும் நடப்பில் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் என் பதில் மாறாது. இந்த மாதிரி இடத்தில் ஆழமாகத் தோண்டுவதால் ஒன்றும் கிடைக்காது. ஊர் இருப்பது மேலே, முதல் இரண்டு மூன்று அடிக்குள். நீங்கள் அவசரமாக அள்ளி வெளியே போடும் மண்தான் அந்த ஊர்.

நிலம் பறிபோய்விடும் என்ற பயத்தில் பலர் வாய் திறப்பதில்லை. அகழாய்வு அனுமதியால் உடைமை மாறாது. தோண்டுவதற்கு நில உடைமையாளரின் எழுத்துப்பூர்வச் சம்மதம் வாங்குவார்கள். பயிர் இழப்புக்கும் குழி மூடுவதற்கும் முன்கூட்டியே உடன்பாடு செய்துகொள்ள வேண்டும். மத்திய அரசு ஓர் இடத்தைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிப்பது வேறு நடைமுறை. அதற்கு அரசிதழில் அறிவிப்பு வெளியிட்டு, ஆட்சேபம் தெரிவிக்க இரண்டு மாதம் அவகாசம் தர வேண்டும். அப்படி அறிவித்த இடத்தைச் சுற்றித்தான் 100 மீட்டருக்குள் கட்டடத் தடையும், அதற்கு அப்பால் இன்னொரு 200 மீட்டருக்குக் கட்டுப்பாடும் வரும். பானை ஓடு கிடைத்த ஒவ்வொரு விளைக்கும் அது நடப்பதில்லை.

இனி ஊர் என்பதற்கு வருவோம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில், ஒரு கிராமத்தின் மொத்த நிலத்திலிருந்து வரி இல்லாத நிலத்தைக் கழிக்கும்போது ஒரு பட்டியல் வரும்: ஊர்நத்தம் (வீடுகள் இருக்கும் நிலம்), கோயில், குளம், ஊரை ஊடறுத்துப் போகும் வாய்க்கால், பறைச்சேரி, கம்மாணசேரி (கம்மாளர் குடியிருப்பு), சுடுகாடு. இடைக்காலக் கிராமம் ஒன்றைத் தேடிப் போகிறவருக்கு இதைவிட நல்ல வழிகாட்டி இல்லை. குமரி மாவட்டத்தில் ஆய், சோழ, பாண்டிய, வேணாட்டுக் காலக் கல்வெட்டும் செப்பேடும் ஏராளம். முன்சிறைச் சபையாரிடமிருந்து மாற்று நிலம் கொடுத்து இடம் வாங்கி, ஆய் மன்னன் கருநந்தடக்கன் பார்த்திவசேகரபுரத்தில் விஷ்ணு கோயிலும் 95 மாணவர் படிக்கும் சாலையும் அமைத்ததை 9ஆம் நூற்றாண்டுச் செப்பேடு சொல்கிறது. கோயில் இன்றும் நிற்கிறது. அந்தச் சாலைக்கு அரிசி குத்தியவர், பானை வனைந்தவர், வயல் உழுதவர் இருந்த வீடுகள் எங்கே? அவை மண்சுவரும் ஓலைக்கூரையும். கல்லில் எழுதாதவர்களின் வரலாறு மண்ணின் நிறத்தில் மட்டும்தான் இருக்கிறது. சங்ககாலத்துக்குக் கிடைக்கும் கவனத்தில் கால்வாசி கூட இந்த வீடுகளுக்குக் கிடைக்கவில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

தோண்டுவதற்கு முந்தைய வேலை ஆவணத்தில் தொடங்கும். திருவிதாங்கூர் காலத்துச் செட்டில்மென்ட் பதிவேட்டில் பழைய சர்வே எண்ணோடு விளையின் பெயரும் எழுதியிருக்கும். கிராம நிர்வாக அலுவலரிடம் ரீசர்வே எண்ணை வாங்கி, அதற்கு இணையான பழைய எண்ணைப் பிடித்துப் பின்னோக்கிப் போக வேண்டும். நத்தம், அம்பலம், கொட்டாரம், சந்தை, செக்கு, கொல்லன், குயவன் என்று தொடங்கும் விளைப்பெயர்கள் வந்தால் குறித்துக்கொள்ளுங்கள். பெயர் மட்டும் சான்றாகாது. பக்கத்து விளையின் பெயர் பாகப்பிரிவினையில் நகர்ந்து வந்திருக்கலாம். கல்செக்கு, எல்லையில் நட்ட சூலக்கல், திருவாழிக்கல் (சக்கரம் பொறித்த கல்) போன்றவை அசல் இடத்தில் நிற்கின்றனவா, யாராவது துணி துவைக்கத் தூக்கி வந்தார்களா என்பதை முதியவர்களிடம் கேட்க வேண்டும். கல்வெட்டில் கொல்லம் ஆண்டு வந்தால் ஆவணி முதல் மார்கழி வரை 824ம், தை முதல் ஆடி வரை 825ம் கூட்டினால் ஏறத்தாழக் கிறிஸ்து ஆண்டு வரும்.

அடுத்தது நடை. நாஞ்சில் நாட்டு வயல் என்றால் கும்பப்பூ நெற்போகத்தை அறுத்து முடித்து, கன்னிப்பூப் போகத்துக்கு உழுவதற்கு முன் கிடைக்கும் சில வாரங்கள்தான் காலம். ஐந்து மீட்டர் இடைவெளியில் கயிறு கட்டி, ஒருவர் ஒரு வரிசையில் நடந்து, ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் கிடைத்த ஓட்டைத் தனிப் பையில் போட வேண்டும். ரப்பர் விளையில் தரை முழுக்கச் சருகு. அங்கே நடையைவிடக் கய்யாலையின் (மண் எல்லைச்சுவரின்) வெட்டுமுகம், தண்ணீர் தேங்க எடுத்த மழைக்குழி, கிணற்று மண் கொட்டிய மேடு, கறையான் புற்று ஆகியவற்றைப் பார்ப்பது பலன் தரும். கறையான் அடியிலிருந்து நுண்மண்ணைத்தான் மேலே கொண்டுவரும். ஆனால் புற்று கரைந்த இடத்தில் கரித்தூளும் கருமண்ணும் கலந்திருந்தால் கீழே குடியிருப்பு மண் இருக்கக்கூடும்.

இங்கே பெரும்பாலோர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பானை ஓடு கிடைத்த இடமெல்லாம் ஊர் அல்ல. குளத்து வண்டலையும் பழைய நத்தத்து மண்ணையும் வண்டி வண்டியாக அள்ளி வயலுக்கு உரமாகப் போடுவது நம் ஊர்களில் நெடுங்கால வழக்கம். மண்ணோடு ஓடும் போகும். அப்படி வந்த ஓடுகள் இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு மேல் இருக்காது, ஓரம் மழுங்கியிருக்கும், பரப்பு முழுக்கச் சீராகச் சிதறியிருக்கும். குடியிருந்த இடத்து ஓடு பெரிது, உடைந்த ஓரம் கூர்மை, ஒரே பானையின் இரண்டு மூன்று துண்டுகள் பொருந்தும், கரியும் அடுப்பு மண்ணும் கூட வரும், சில மீட்டர் தாண்டினால் சட்டென்று குறையும். உங்கள் குழிகளில் கிடைத்தவற்றை இந்தக் கண்ணோடு பாருங்கள். கரியும் வரிசைக் கல்லும் சேர்ந்து வந்திருப்பதால் குடியிருப்பாக இருக்க வாய்ப்பு அதிகம் என்றே நினைக்கிறேன்.

குழி போடும் முறையில்தான் எனக்குத் தீவிரமான கருத்து உண்டு. இந்தியாவில் பிரிட்டிஷ் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் பரப்பிய கட்டமுறை இன்னும் பழக்கத்தில் இருக்கிறது. 1945இல் அரிக்கமேட்டைத் தோண்டியவர் அவர்தான். பத்துக்குப் பத்து மீட்டர் கட்டத்தை நான்காகப் பிரித்து, நடுவில் வெட்டாத இடைவரம்பு விட்டு, ஒவ்வொரு கால்பகுதியையும் கன்னிமண் (மனிதத் தடம் இல்லாத அடிமண்) வரை இறக்குவார்கள். மேல்மேலாகப் பல அடி அடுக்கு கொண்ட துறைமுக ஊருக்கு அது அருமையான முறை. வெட்டுமுகம் முழுக்கதையும் சொல்லும். மண்சுவர் கிராமத்துக்கு அது பொருந்தாது. ஒரு வீட்டின் தூண்குழிகளில் மூன்று ஒரு கட்டத்திலும், இரண்டு அடுத்த கட்டத்திலும், மிச்சம் இடைவரம்புக்கு அடியிலும் மாட்டிக்கொண்டால் அது வீடு என்றே யாருக்கும் தெரியாது. இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் வாரம் பெர்சி என்ற கைவிடப்பட்ட இடைக்காலக் கிராமத்தை மாரிஸ் பெரஸ்ஃபோர்டும் ஜான் ஹர்ஸ்டும் 1950 முதல் 1990 வரை கோடைதோறும் தோண்டினார்கள். குடியானவர் வீட்டைச் சின்னக் கட்டங்களால் பிடிக்க முடியாது என்று கண்டு, இடைவரம்பே இல்லாமல் பரப்பு முழுவதையும் ஒன்றாகத் திறந்தார்கள். அப்போதுதான் ஒரே மனையில் வீடு பலமுறை திசை மாற்றிக் கட்டப்பட்டது புலப்பட்டது. அங்கே அடித்தளம் சுண்ணக்கல், இங்கே செம்மண். ஆனால் பாடம் நமக்கும் பொருந்தும்.

ஆகவே உங்கள் விளை போன்ற இடத்தில் நான் பரிந்துரைப்பது இரண்டு படி. முதலில் சரிவின் குறுக்கே ஒரு மீட்டருக்கு இரண்டு மீட்டர் அளவில் நாலைந்து சோதனைக் குழி. எவ்வளவு ஆழத்தில் கன்னிமண் வருகிறது, குடியிருப்பு மண் எங்கே தடிப்பாக இருக்கிறது என்று தெரிந்த பிறகு, பத்துக்குப் பத்தோ அதற்கும் பெரிதோ ஒரே பரப்பாகத் திறக்க வேண்டும். நடுவில் ஒரேயொரு இடைவரம்பைத் தற்காலிகமாக விட்டு, வெட்டுமுகத்தை வரைந்து முடித்ததும் அதையும் எடுத்துவிடலாம்.

கணக்கைப் பார்த்தால் இது எளிதல்ல என்று விளங்கும். ஐந்துக்கு ஐந்து மீட்டர் பரப்பில் பத்து சென்டிமீட்டர் எடுத்தால் 2.5 கனமீட்டர் மண். ஏறத்தாழ நாலு டன். ஒரு கடவத்துக்கு (கூடைக்கு) 18 கிலோ என்று வைத்தால் 220 கடவம். பத்துக்குப் பத்துப் பரப்பை 60 சென்டிமீட்டர் இறக்கினால் 60 கனமீட்டர். அள்ளிக் கொட்டிய மண் கால்பங்காவது பொங்கும் என்பதால் 75 கனமீட்டருக்கு இடம் வேண்டும். இந்த மண்ணை எங்கே கொட்டுவது என்பதை முதல் நாளே முடிவு செய்யாவிட்டால், மூன்றாவது வாரத்தில் அடுத்துத் திறக்க வேண்டிய இடத்தின் மேல் மேடு நிற்கும். குழி விளிம்பிலிருந்து குறைந்தது இரண்டு மீட்டர் தள்ளி, சரிவின் கீழ்ப்பக்கம் கொட்ட வேண்டும். மேல்மண்ணைத் தனியாகக் குவிக்க வேண்டும்; மூடும்போது அது மேலே திரும்பி வந்தால்தான் விவசாயிக்கு நிலம் நிலமாக இருக்கும்.

காலம் தை முதல் பங்குனி பாதி வரை. ஐப்பசி, கார்த்திகை அடைமழை ஓய்ந்து ஈரம் இன்னும் மண்ணில் இருக்கும் நேரம் அது. சித்திரையில் கோடை இடிமழை, இடவப்பாதிக்கு (வைகாசி நடுவுக்கு)ப் பிறகு தென்மேற்குப் பருவம். மாவட்டத்துக்கு இரண்டு மழைக்காலம் என்பது பயிருக்கு வரம், அகழாய்வுக்குச் சிரமம். ஆரல்வாய்மொழிப் பக்கமோ தோவாளைப் பக்கமோ என்றால் காற்றுக்காலம் தொடங்குவதற்கு முன் முடித்துவிட வேண்டும். தூசு பறந்தால் தரையைச் சுத்தம் செய்யவும் படம் எடுக்கவும் முடியாது.

அளவைத் தொடங்கும் முன் தோண்டும் பரப்புக்கு வெளியே இரண்டு நிலையான புள்ளிகள் வேண்டும். பாறையில் செதுக்கிய குறியோ, கான்கிரீட்டில் பதித்த ஆணியோ போதும். ஒன்றை யாராவது பிடுங்கினாலும் மற்றது இருக்கும். ரப்பர், தென்னை மேலாப்பில் செயற்கைக்கோள் கருவிக்குச் சிக்னல் சரியாகக் கிடைக்காது. டோட்டல் ஸ்டேஷன் என்ற நில அளவைக் கருவியையே நம்ப வேண்டும்.

முதல் 30, 40 சென்டிமீட்டர் பெரும்பாலும் கலைந்த மண். 1880களில் திருவிதாங்கூர் மன்னர் விசாகம் திருநாள் காலத்தில் பரவிய மரச்சீனி (மரவள்ளி), அதன் பிறகு வருடந்தோறும் மண்ணை வெட்டிக் கூட்டி மேடு போடும் வழக்கத்தையும் கொண்டுவந்தது. அதற்கு மேல் ரப்பர் குழி, தென்னங்குழி. இவை சதுரமாகவோ வட்டமாகவோ ஒழுங்கான இடைவெளியில் வருவதால், பரப்பைத் துடைத்ததும் எளிதில் தெரியும். முதலில் இந்தப் புதுக்குழிகளைத் தனித்தனியாக அடிவரை காலி செய்துவிட வேண்டும். அவற்றில் பத்தாம் நூற்றாண்டு ஓடும் ப்ளாஸ்டிக்கும் ஒன்றாகக் கிடக்கும். காலி செய்த குழியின் சுவர் உங்களுக்கு இலவசமாகக் கிடைத்த வெட்டுமுகம். அதைப் படித்துவிட்டு மற்ற மண்ணைத் தொடுங்கள்.

கலைந்த மண்ணை மண்வெட்டியால் எடுக்கலாம். அதன் கீழே வந்ததும் மண்வெட்டி கரையேற வேண்டும். சின்னக் கொத்துக்கரண்டியால், ஒரே திசையில், தன்னை நோக்கி இழுத்து, பின்னோக்கி நகர்ந்தபடி துடைக்க வேண்டும். துடைத்த இடத்தை யாரும் மிதிக்கக் கூடாது. மேற்குப் பக்கத்துச் செம்மண்ணில் தூண்குழியின் உள்மண்ணும் வெளிமண்ணும் ஏறத்தாழ ஒரே நிறம். உச்சி வெயிலில் எதுவும் தெரியாது. பயிருக்கு மருந்தடிக்கும் தெளிப்பானை நன்றாகக் கழுவி, அதில் தண்ணீர் நிறைத்துப் பனிபோல் தெளித்துவிட்டுக் கால்மணி நேரம் காத்திருந்தால், இறுகிய மண் சீக்கிரம் காயும், நெகிழ்ந்த மண் ஈரம் பிடித்து இருண்டு நிற்கும். காலை ஏழு, ஏழரைக்குச் சாய்வெயிலில் அல்லது நிழல்வலைக்கு அடியில் பாருங்கள். அந்த இருண்ட வட்டங்களை உடனே ஆணியால் கீறி எல்லை குறிக்க வேண்டும். பத்து மணிக்கு அவை மறைந்துவிடும்.

வட்டம் எல்லாம் தூண்குழி அல்ல. ஒவ்வொன்றையும் முதலில் பாதி மட்டும் எடுத்து, நேர்வெட்டில் பார்த்து, வரைந்து, படம் பிடித்த பிறகே மறுபாதியை எடுக்க வேண்டும். வேர் போன இடம் கீழே போகப் போக ஒடுங்கும், கிளைக்கும், வளையும். கறையான் அறையில் தேன்கூடு போன்ற மண் இருக்கும். வயல்நண்டு வளை சாய்ந்து போகும், அடியில் அகலும். தூண்குழி நேராக இறங்கி, அடி தட்டையாகவோ கூம்பியோ முடியும். தூண் ஆடாமல் இருக்கப் பக்கத்தில் செருகிய கல்லோ ஓட்டுத் துண்டோ இருக்கும். உண்மையான சோதனை வரிசை: இதேபோல் இன்னொன்று சீரான இடைவெளியில் இருக்கிறதா? தனியாக நிற்கும் ஒற்றைக் குழியை வைத்து வீடு வரைவது ஆசையால் வரும் பிழை.

நண்டும் பெருச்சாளியும் வயல் எலியும் இன்னொரு தீங்கும் செய்யும். மேல் அடுக்கின் சிறு ஓட்டையும் மணியையும் கீழே தள்ளிவிடும். ஒரு அடுக்கில் எல்லாமே பழையது, ஒரேயொரு கண்ணாடி மணி மட்டும் புதியது என்றால், அந்த மணியை வைத்துக் காலம் சொல்லாமல் முதலில் வளையைத் தேடுங்கள்.

மண்சுவர் இன்னும் கடினம். கூரை போனதும் இரண்டு மூன்று மழையில் சுவர் கரைந்து தன் அடியையே மூடிக்கொள்ளும். பார்ப்பதற்குக் கன்னிமண் போலவே இருக்கும் என்பதால், தரைக்கு மேலே நின்றுகொண்டே 'கன்னிமண் வந்துவிட்டது' என்று நிறுத்திவிடுகிறார்கள். கரைந்த சுவர்மண்ணில் பொடி ஓடு, கரித்துணுக்கு, உமியின் அச்சு கலந்திருக்கும். கன்னிமண்ணில் எதுவும் இருக்காது. அதனால் கன்னிமண் என்று நினைத்த இடத்தில் ஒரு மூலையில் மட்டும் இன்னும் 40, 50 சென்டிமீட்டர் இறங்கி உறுதி செய்வது கட்டாயம். தரை என்பது சாணியும் மண்ணும் கலந்து திரும்பத் திரும்ப மெழுகிய படலங்கள். ஒவ்வொன்றும் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. கரண்டி நுனியால் தட்டினால் ஓசை மாறும், மேல்மண் தகடாக உரியும். தரையின் விளிம்பு எங்கே நேர்கோட்டில் முடிகிறதோ அங்கேதான் சுவர் நின்றது. சுவரையே காணாமலும் சுவரின் இடத்தை இப்படிச் சொல்லிவிடலாம். தரை கிடைத்தால் அதை ஒரு மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்து மண்ணையும் தனியாக 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலிக்க வேண்டும். அடுப்பு எங்கே, குத்தும் இடம் எங்கே, மணி கோர்த்த மூலை எங்கே என்பது அந்தத் துணுக்குகள் விழுந்து கிடக்கும் விதத்தில்தான் தெரியும். மற்ற மண்ணுக்கு 5 மில்லிமீட்டர் போதும்.

ஆழத்தை வைத்து, பத்துப் பத்து சென்டிமீட்டராகப் பதிவு செய்யும் வழக்கத்தை இங்கே விட்டுவிட வேண்டும். சரிவான விளையில் 40 சென்டிமீட்டர் ஆழம் ஒரு முனையில் 12ஆம் நூற்றாண்டாகவும் மறுமுனையில் போன வருடமாகவும் இருக்கும். நிறம், இறுக்கம், கலப்பு மாறும் ஒவ்வொரு மண்ணுக்கும் ஒரு எண். குழிக்கு ஒரு எண், அதை நிரப்பிய மண்ணுக்கு வேறு எண். எது எதன் மேல், எது எதை வெட்டுகிறது என்பதை எட்வர்ட் ஹாரிஸ் 1973இல் வகுத்த வரைபட முறையில் அன்றன்றே கட்டம் போட்டு இணைக்க வேண்டும். வீடு திரும்பிய பிறகு நினைவிலிருந்து எழுதினால் குழம்பும்.

கல்குளம், விளவங்கோடு பக்கத்துச் செம்புரை மண் அமிலத்தன்மை கொண்டது. எலும்பு கரைந்துவிடும், நன்றாக எரிந்து வெளுத்த துணுக்கு மட்டும் மிஞ்சும். எலும்பு இல்லை என்பதால் ஆடுமாடு இல்லாத ஊர், மீன் தின்னாத ஊர் என்று எழுதிவிடக் கூடாது. எலும்பு போனாலும் அதிலிருந்த பாஸ்பேட் அந்த மண்ணின் இரும்போடு பிணைந்து தங்கும். இரண்டு மீட்டருக்கு ஒன்றாக மாதிரி எடுத்தால் தொழுவம், குப்பைமேடு இருந்த இடம் தெரியும். ஆனால் ஃபாக்டம்பாஸ் போன்ற பாஸ்பேட் உரம் போட்ட மேல்மண்ணில் எடுத்தால் உரக்கணக்குத்தான் வரும். கலைந்த மண்ணுக்குக் கீழே எடுக்க வேண்டும். இரும்புக்கசடு தேடுகிறவர்களுக்கும் இந்த மண் சிரமம் தரும். எரிந்த செம்புரைச் சரளை காந்தத்தில் ஒட்டும். கசடு என்றால் உருகி ஓடிய தடமும் உள்ளே குமிழும் இருக்கும்; உடைத்துப் பாருங்கள். கடற்கரை மணலில் நிலைமை தலைகீழ். சிப்பி கலந்த மணல் எலும்பைக் காக்கும், ஆனால் குழிச்சுவர் நிற்காது, சரிவாகவே வெட்ட வேண்டும். அங்கே கிடைக்கும் ஓட்டை நல்ல தண்ணீரில் பலமுறை ஊறவைத்து உப்பை இறக்காவிட்டால் பெட்டியிலேயே மேற்பரப்பு உதிரும். எந்த மண்ணானாலும் 1.2 மீட்டருக்குக் கீழே இறங்கினால் படி விட்டோ தாங்கு கொடுத்தோதான் இறங்க வேண்டும். பழைய கிணற்றுக்குள் தனியாள் இறங்கவே கூடாது.

கரிந்த தானியம் எடுக்க, ஒவ்வொரு தரை, அடுப்பு, குழியிலிருந்தும் 20 லிட்டர் மண்ணைத் தண்ணீரில் கலக்கி, மிதப்பதை கால் மில்லிமீட்டர் துளையுள்ள வலையில் பிடித்து, நிழலில் உலர்த்த வேண்டும். வெயிலில் போட்டால் கரி வெடித்துப் பொடியாகும். நெல்லா, கேழ்வரகா, பயறா என்பதோடு காலமும் இதிலிருந்து வரும். கார்பன் கணிப்புக்குத் தூண்கட்டைக் கரியை அனுப்புவது வசதி, ஆனால் பலாவும் தேக்கும் வெட்டும்போதே நூறு வயது ஆகியிருக்கலாம். பழைய வீட்டு உத்தரத்தை எடுத்து மறுபடி பயன்படுத்தியிருக்கவும் கூடும். ஒரே ஆண்டில் விளைந்த நெல்மணிதான் நம்பகமானது. அப்படியும் திருத்தக் கணக்குக்குப் பிறகு நூறு வருட அகலம் வருவது சாதாரணம்.

பானையால் காலம் சொல்வதில் எச்சரிக்கை வேண்டும். சமையல் சட்டியின் உருவம் பல நூற்றாண்டு மாறாமல் வந்திருக்கிறது. பானையைத் தட்டி வனையும் பலகையின் அச்சு பதிந்த ஓட்டை வைத்து இடைக்காலம் என்று பொதுவாகச் சொல்லலாம், நூற்றாண்டு சொல்ல முடியாது. வெளியிலிருந்து வந்த பொருள்கள் கூர்மையான எல்லை தரும். பச்சைமெருகு சீனக்கலம் ஒரு துண்டு, நீலப்பூ வெள்ளைச் சீனக்கலம் ஒரு துண்டு கிடைத்தால் பொன்போல் காக்க வேண்டும். பின்னது 14ஆம் நூற்றாண்டுக்கு முன் வராது. கருகிய கொல்லாங்கொட்டை (முந்திரிக்கொட்டை) ஓடோ மிளகாய் விதையோ இருந்தால் அந்த மண் போர்த்துக்கீசியர் வந்த பிறகு படிந்தது. மங்களூர் ஓட்டுத் துண்டு என்றால் 1865க்குப் பிறகு. முதல் ஆலையே அந்த ஆண்டில்தான் தொடங்கியது. ராஜராஜன் பெயர் பொறித்த செப்புக்காசு கிடைத்தால் மகிழ்ச்சிதான், ஆனால் காசு அச்சடித்த ஆண்டும் தொலைந்த ஆண்டும் ஒன்றல்ல.

ஓட்டை எண்ணுவதோடு எடையும் போட வேண்டும். விளிம்பை மட்டும் வைத்துக்கொண்டு வயிற்றுப்பகுதி ஓட்டை எறிவது பழைய கெட்ட பழக்கம். எறிந்தால் எத்தனை பானை இருந்தது என்ற கணக்கு போய்விடும். உள்ளே கறை படிந்த சில ஓடுகளைக் கழுவாமல், விரலால் தொடாமல், அலுமினியத் தாளில் சுற்றி வைத்தால் என்ன சமைத்தார்கள் என்பதை ஆய்வகத்தில் பார்க்கலாம். இரும்பை ஒருபோதும் கழுவாதீர்கள். ஒவ்வொரு பையிலும் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு சீட்டு. இடக்குறி, குழி, மண் எண், தேதி, எழுதியவர் பெயர்ச்சுருக்கம். காகிதச் சீட்டை நம் ஊர்க் கறையான் இரண்டு மழைக்காலத்துக்கு மேல் விட்டுவைக்காது, அழியாத மையில் ப்ளாஸ்டிக் சீட்டு எழுதுங்கள்.

முடித்ததும் தோண்டிய அடிப்பரப்பில் வலைத்துணி விரித்து, அதன்மேல் ஆற்றுமணலோ சுத்தமான மண்ணோ ஒரு சாண் போட்டு, பிறகு எடுத்த மண்ணைத் திருப்பி நிரப்ப வேண்டும். வருங்காலத்தில் திறப்பவருக்கு எது வரை தோண்டியது என்று அந்தத் துணி சொல்லும். திறந்தே விட்டால் முதல் இடவப்பாதியிலேயே தூண்குழி எல்லாம் சேறு. அகழாய்வு ஒரு மாதம் என்றால் ஓடு கழுவி, வரைந்து, எழுதி அறிக்கை ஆக்க மூன்று நாலு மாதம் ஒதுக்க வேண்டும். அதற்குப் பணமும் ஆளும் இல்லாவிட்டால் தோண்டத் தொடங்கவே வேண்டாம். மண்ணுக்குள் இருந்த வரை அது பத்திரமாக இருந்தது.

இப்போது உங்கள் கையில் இருக்கும் வேலை சின்னதுதான். ஓடு கிடைத்த குழிகளை அகலப்படுத்தாமல், நாலு பக்கச் சுவரையும் துடைத்து, பக்கத்தில் ஒரு அளவுகோல் நிறுத்தி, காலை நிழலில் படம் எடுங்கள். எந்தக் குழியில் எது கிடைத்தது என்று பிரித்துப் பையில் போடுங்கள். ஏற்கனவே கலந்துவிட்டால் கலந்தது என்றே எழுதி வையுங்கள். எல்லாக் குழிகளுக்கும் எண் போட்டு ஒரு கைவரைபடம், கிடைக்காத குழிகளும் அதில் இருக்க வேண்டும். ஊரின் எல்லையைக் காட்டப்போவது அவைதான். வெட்டுக்கல் வரிசையை அசைக்காதீர்கள். மாநிலத் தொல்லியல் துறைக்கு ஒரு கடிதம், நகல் கலெக்டர் அலுவலகத்துக்கு, சர்வே எண்ணோடு. பதில் வரும் வரை அந்த ஏழெட்டுக் குழிகள் இருக்கும் பரப்பை மட்டும் விட்டுவிட்டு மீதி விளையில் கன்று நடலாம். திறந்த குழிகளில் மழைத் தண்ணீர் தேங்காதபடி சாக்கு விரித்து மண்ணை லேசாகத் திருப்பிப் போட்டுவிடுங்கள், இறுக்கி மிதிக்க வேண்டாம்.